"லோ நாய்ஸ்" பவர் சப்ளை என்று நம்பி ரூ. 18,600 போச்சு. வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்தத் தளத்திலிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய கருவிகளுக்குப் பவர் சப்ளை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போன பணம் ரூ. 18,600. பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது ஒரு நாள் பெட்ரோல் செலவாக இருக்கலாம். எனக்கு ஒரு மாத வாடகையும் தம்பியின் சம்பளத்தில் பாதியும்.

நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு பி.எச். மீட்டர் (தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளப்பது), டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளப்பது) சர்வீஸ் செய்கிறவன். 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. அதற்கப்புறம் கழிவுநீர்த் தொட்டியில் பி.எச். எவ்வளவு என்பது இங்கே யாருக்கும் சும்மா ஒரு எண் இல்லை. ஒரு பட்டறையில் மூன்று தொட்டிக்கு மூன்று மீட்டர், எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகிற மாதிரி செய்துதரச் சொன்னார்கள். போர்டு நானே போட்டது. வேண்டியது 12 வோல்ட், சத்தமில்லாத சப்ளை. காதுக்குக் கேட்கிற சத்தத்தைச் சொல்லவில்லை, மின்சாரத்தில் வரும் இரைச்சலைச் சொல்கிறேன். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், காரணம் பின்னால் தெரியும்.

பி.எச். எலக்ட்ரோடு, அதாவது மீட்டரிலிருந்து தண்ணீரில் முக்கும் கண்ணாடி முனை, என்ன தருகிறது தெரியுமா? 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட், அவ்வளவுதான். 7.12 என்று இரண்டு தசமம் காட்ட வேண்டுமென்றால் கருவி அரை மில்லிவோல்ட் சொச்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதையும் நூறு மெகா ஓம் கணக்கில் உள்மின்தடை உள்ள ஒரு கண்ணாடிக் குமிழ் வழியாக. அதன் பக்கத்தில் யாராவது நைலான் சட்டையோடு நடந்தாலே எண் ஆடும். அப்படிப்பட்ட கருவிக்குத் தெருவில் கிடைக்கும் எல்.இ.டி. அடாப்டரைப் போட முடியாது. டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கெப்பாசிட்டர், ரெகுலேட்டர் என்று பழைய பாணி லீனியர் சப்ளைதான் எனக்கு வேண்டும்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு வைண்டிங் கடைக்காரர் இருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித்தர பத்து நாள் கேட்டார். "ஆயுதபூஜை வருதுங்க, பசங்க ஊருக்குப் போயிருவாங்க" என்றார். எனக்கு அவசரம். அந்த அவசரம்தான் என்னைக் கவிழ்த்தது.

எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். தளம் ஒருவருடையது, அதில் கடை போட்டிருப்பவர்கள் பலபேர். தேடியதில் "அல்ட்ரா லோ நாய்ஸ், 12 வோல்ட் 3 ஆம்பியர், லேப் கருவிகளுக்கு ஏற்றது" என்று ஒன்று வந்தது. விலை ரூ. 6,200. கறுப்பு உலோகப் பெட்டி, முன்னால் அலுமினியத் தகடு, பார்க்க லட்சணமாக இருந்தது. கூடவே ஆசிலோஸ்கோப் (மின் அலையை வரைந்து காட்டும் கருவி) திரையின் படம் ஒன்று. அதில் நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்கோடு, கீழே "ரிப்பிள் 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு" என்று எழுதியிருந்தது. ரிப்பிள் என்றால் வோல்டேஜில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்.

படத்தைப் பார்த்து மட்டும் நான் வாங்கவில்லை. பதினெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், அந்த அளவுக்குப் பச்சைப்பிள்ளை இல்லை. விற்பனையாளர் பக்கத்தில் தொடர்பு எண் இருந்தது, கூப்பிட்டேன். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். முதலில் "சொல்லுங்க சார்" என்றவர் இரண்டு நிமிடத்தில் "அண்ணா" ஆக்கிவிட்டார். 22 நிமிடம் பேசினோம். போன் பதிவில் இன்னும் இருக்கிறது.

"இது லீனியர்தானா, எஸ்.எம்.பி.எஸ். ஆ?" என்று நேராகவே கேட்டேன். எஸ்.எம்.பி.எஸ். என்றால் கரண்டை வேகமாக விட்டுவிட்டு மாற்றும் சப்ளை, எல்.இ.டி. அடாப்டர் மாதிரி; அதில் இரைச்சல் கூடுதல்.

"என்னங்கண்ணா இப்படிக் கேட்டுட்டீங்க. டிரான்ஸ்ஃபார்மர் நாங்களே சுத்தறதுங்கண்ணா. ஆர்-கோர். பெட்டியத் தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றார். ஆர்-கோர் என்பது ஒரு வகை டிரான்ஸ்ஃபார்மர்.

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை விழவைத்தது. "எலக்ட்ரோடு தொட்டியில இருக்குதுன்னா, தண்ணிக்கும் ஏர்த்துக்கும் தொடர்பு இருக்குமே. உங்க சிக்னல் கிரவுண்டை எங்கண்ணா கட்டறீங்க?" என்றார்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்வியைக் கேட்பவன் வேலை தெரிந்தவன். எங்கே ஏர்த் கட்டுகிறாய் என்று கேட்பவன் திருடனாக இருக்க முடியாது என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது. வேலை தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நான் ஏன் நினைத்தேன்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போனை வைத்த ஐந்தாவது நிமிடம் மூன்று பெட்டிக்கும் சேர்த்து ரூ. 18,600 அனுப்பிவிட்டேன். ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கலாம் என்று தம்பி சொன்னான். "டைம் இல்லடா" என்றேன்.

பார்சல் ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கையில் கனம் தெரிந்ததும் ஒரு திருப்தி. மனுஷன் சொன்னபடியே அனுப்பியிருக்கிறான் என்று தம்பியிடம் பெருமையாக வேறு சொன்னேன். பெட்டியின் மூலை ஸ்க்ரூ மேல் "இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது" என்று ஒரு சீல். பூஜையன்று ஸ்கோப், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாவற்றோடும் அந்த மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

விஜயதசமி கழித்து கடையில் ஓட்டிப்பார்த்தேன். பிளாஸ்டிக் பீக்கரில் பஃபர் கரைசல் (பி.எச். எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல்), 7.00 என்று காட்டியது. 4.00-உம் சரி. கடைசி இலக்கம் கொஞ்சம் துள்ளியது, கேபிள் ஷீல்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் போர்டில் எல்.எம்.317 என்ற ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் ஐ.சி.) இருக்கிறது, சின்ன ரிப்பிளை அது விழுங்கிவிடும் என்ற தைரியம். இப்படியே ஆறு நாள் ஓடிவிட்டது. திருப்பி அனுப்ப அவர்கள் தரும் அவகாசம் ஏழு நாள்.

ஒன்பதாம் நாள் பட்டறைக்குக் கொண்டுபோய் மாட்டினேன். எலக்ட்ரோடைத் தொட்டிக்குள் இறக்கியதும் 7.4 என்றது. அப்புறம் 7.9. அப்புறம் 7.1. பக்கத்துத் தொட்டி மோட்டார் ஓடினால் ஒரு எண், நின்றால் வேறு எண். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய (இ.டி.பி.) ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க மீட்டரு சாமியாடுது" என்றார். அவர் தன் கைமீட்டரை முக்கினார். 7.1, அசையாமல் நின்றது. பேட்டரியில் ஓடும் இரண்டாயிரம் ரூபாய் சாமான். என் மானம் அந்தத் தொட்டியிலேயே கரைந்தது.

சரி, போர்டில் தப்பா, சப்ளையில் தப்பா? அவர்கள் ஆபீசில் இருந்த பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். 12 வோல்ட், 7 ஏ.எச். பெட்டியைக் கழற்றிவிட்டு அதில் இணைத்தேன். மூன்று மீட்டரும் 7.1-இல் சிலை மாதிரி நின்றன. அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது.

கடைக்கு வந்து ஸ்கோப் வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் திட்டுவது கேட்கிறது, திட்டுங்கள். 12 ஓம் ஒயர்வவுண்டு ரெசிஸ்டர் ஒன்றை லோடாகப் போட்டு ஒரு ஆம்பியர் எடுத்தேன். புரோபின் நீள கிரவுண்டு வயரைக் கழற்றிவிட்டு நுனியில் சின்ன ஸ்பிரிங் மாட்டி, ஏ.சி. கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு போட்டு வைத்தேன். அந்த நீள வயரோடு பார்த்தால் அதுவே ஆன்டெனா ஆகி இல்லாத இரைச்சலையும் காட்டும், அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். உண்மையான லீனியர் சப்ளையில் மிச்ச ரிப்பிள் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது 100 ஹெர்ட்ஸில் வரும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் டயோடு அதை இரட்டிப்பாக்கும். திரையில் எனக்குத் தெரிந்தது 15 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை குத்தி எழும் கூர்முனைகள். கிட்டத்தட்ட 65 கிலோஹெர்ட்ஸ். உயரம் 140 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு என்றானே, அந்தப் பெட்டி!

எல்.எம்.317 விழுங்குமே என்று நினைத்தேன் அல்லவா. 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளை அது ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், உண்மை. கிலோஹெர்ட்ஸ் ஏற ஏற அந்தச் சக்தி வடிந்துகொண்டே போகும். 65 கிலோஹெர்ட்ஸில் வரும் கூர்முனைக்கு அது கதவைத் திறந்துவிடுகிற காவல்காரன்தான். உள்ளே போன கூர்முனையை ஆப்-ஆம்ப் (எலக்ட்ரோடு சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) நுழைவாய் டி.சி.யாக மாற்றிவிடும், எண் நகர்ந்துவிடும்.

சீலைக் கிழித்துத் திறந்தேன். அரையடி எல்.இ.டி. பட்டைக்குப் போடும் அடாப்டர் போர்டு ஒன்று, நடுவில் சூடான பசையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டை, டபுள் சைடு டேப்பில். கனத்துக்கு. "பெட்டியத் தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றான் பாருங்கள், அதற்குத்தான். ஆர்-கோரும் இல்லை, ஒரு கோரும் இல்லை.

இன்னொன்று, இதை நினைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. மூன்று பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள், ஏர்த் பின்னுக்குப் பின்னால் வயரே இல்லை. உலோகப் பெட்டி, தண்ணீர் நிற்கும் இடம், ஏர்த் இல்லை. உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியில் பட்டிருந்தால் அந்த ஆபரேட்டர் கதி என்ன? போர்டில் பிரைமரிக்கும் (230 வோல்ட் பக்கம்) செகண்டரிக்கும் (12 வோல்ட் பக்கம்) நடுவே, இரைச்சலை அடக்கப் போடும் ஒரு நீல ஒய்-கெப்பாசிட்டர். 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் அதன் வழியே 0.16 மில்லிஆம்பியர் கசியும். ஆளைக் கொல்லாது. பீக்கரில் அது போக வழியில்லாததால் மீட்டர் சமத்தாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் ஏர்த்தோடு ஒட்டியிருக்கிறது, கசிவு எலக்ட்ரோடு வழியாகவே வீட்டுக்கு வழி தேடிவிட்டது. "உங்க சிக்னல் கிரவுண்டை எங்கண்ணா கட்டறீங்க" என்று கேட்டவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

இனி புகார் கதை. அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வேறொரு குரல். "அவர் வேலைய விட்டுப் போயிட்டாருங்க சார்." அண்ணா போய் மறுபடி சார் ஆகிவிட்டேன். தளத்தில் புகார் போட்டேன். "விற்பனையாளரிடம் பேசுங்கள்." விற்பனையாளர்: "தளத்தில் டிக்கெட் போடுங்கள்." டிக்கெட் போட்டேன். "வீடியோ அனுப்புங்கள்." ஸ்கோப் அலையோடு வீடியோ அனுப்பினேன். "உங்கள் ஆசிலோஸ்கோப்பின் கேலிபரேஷன் சான்றிதழ் அனுப்புங்கள்." அதையும் தேடி எடுத்து அனுப்பினேன், போன வருடத்தது. "சீல் கிழிந்திருப்பதால் வாரண்டி பொருந்தாது."

சீலைக் கிழிக்காமல் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, இரும்புப் பட்டை இருக்கிறதா என்று நான் எப்படிச் சொல்வது? ஞான திருஷ்டியிலா? மற்ற இரண்டு பெட்டிகளின் சீல் அப்படியேதான் இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "திருப்பி அனுப்பும் அவகாசம் முடிந்துவிட்டது."

லீனியர் என்று சொல்லி விற்றீர்களே என்றேன். விளம்பரத்தில் லீனியர் என்ற சொல்லைக் காட்டுங்கள் என்றார்கள். போய்த் தேடினேன். எங்கேயும் இல்லை! பில்லிலும் "12 வோல்ட் 3 ஆம்பியர் லோ நாய்ஸ் அடாப்டர்" என்றுதான் இருக்கிறது. லீனியர், ஆர்-கோர், டிரான்ஸ்ஃபார்மர், எல்லாமே போனில் வாயால் சொன்னது. 22 நிமிடத்தில் ஒரு வரியைக் கூட எழுத்தில் கேட்டு வாங்காத மடையன் நான்.

அப்படியென்றால் லோ நாய்ஸ் என்று போட்டிருக்கிறீர்களே, 140 மில்லிவோல்ட் லோ நாய்ஸா என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலை அப்படியே போடுகிறேன்: "லோ நாய்ஸ் என்பது இந்தப் பொருளில் குளிர்விக்கும் விசிறி இல்லாததைக் குறிக்கும். பொருள் சத்தமின்றி இயங்குகிறது என்பதைத் தயவுசெய்து உறுதிசெய்துகொள்ளவும்."

விசிறி! காதை வைத்துக் கேட்கச் சொல்கிறார்கள். ரூ. 18,600 வாங்கிக்கொண்டு பெட்டிக்குக் காது கொடுக்கச் சொல்கிறார்கள். படித்துவிட்டு தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பெரிய மனசு பண்ணி, அடுத்த முறை வாங்கும்போது 500 ரூபாய் தள்ளுபடி கூப்பன் தந்தார்கள். முப்பது நாளுக்குள் பயன்படுத்த வேண்டுமாம். அதற்கப்புறம்தான் நேற்று ராத்திரி அந்த நட்சத்திரக் கேள்வி.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது மணி எட்டே முக்கால், பத்துக்குப் பட்டறையில் நிற்க வேண்டும். மனசில் வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பேட்டரியில் ஓட்டிப்பாருங்கள். பேட்டரியிலும் எண் ஆடினால் தப்பு சப்ளையில் இல்லை, காசைச் செலவழிக்காதீர்கள்.

பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. கரண்டில் மாட்டாமல், பெட்டியின் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு, பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் சில பத்து ஓமோ நூறு ஓமோ காட்டும், சுருள் கம்பி அல்லவா. எஸ்.எம்.பி.எஸ். என்றால் கிட்டத்தட்ட திறந்த சுற்று மாதிரி மெகா ஓமில் போய் நிற்கும். அரை நிமிட வேலை. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். கனத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் பக்கத்தில் வைத்து, நிலையம் இல்லாத இடத்தில் திருப்புங்கள். பெட்டியைப் போட்டதும் கரகரத்தால் அது எஸ்.எம்.பி.எஸ். நான் நேற்று 999-இல் கோவை வானொலியை வைத்துவிட்டுப் பெட்டியைப் போட்டேன். செய்தி வாசிப்பவர் கொதிக்கும் எண்ணெயில் விழுந்த மாதிரி இருந்தது.

ஸ்கோப் படத்தை நம்பாதீர்கள். அந்த விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் புரோப் தெரிகிறது, அதன் ஸ்விட்ச் 10-இல் இருக்கிறது, திரையில் 1 என்றிருக்கிறது. பத்தில் ஒரு பங்குதான் காட்டும். லோடும் போட்ட மாதிரி தெரியவில்லை. எந்த லோடில், எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரம்பில் அளந்தது என்று எழுதாத ரிப்பிள் எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

எஸ்.எம்.பி.எஸ். என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். வைத்து, பின்னால் ஃபில்டரும் எல்.டி.3045 மாதிரி ரெகுலேட்டரும் போட்டால் மைக்ரோவோல்ட் கணக்குக்கு இறக்கலாம். ஆனால் ஒய்-கெப்பாசிட்டர் கசிவை அந்த ரெகுலேட்டர் தடுக்காது, அதற்குத் தனி ஐசொலேஷன் (இரண்டு பக்கத்துக்கும் மின் தொடர்பே இல்லாமல் பிரிப்பது) வேண்டும். அதைப் பற்றித்தான் நிறைய எழுத நினைத்தேன், நேரமில்லை.

போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மூன்று வேண்டுமென்றாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், தம்பி சொன்னது அதுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டேன், ஒரு எண் தந்திருக்கிறார்கள். ஆன்லைனில் விற்பவர்களுக்கான 2020 விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். "மூடப்பட்டது" என்று எழுதினால் தீர்ந்ததா என்று கேட்கப்போகிறேன். அங்கேயும் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ரூ. 18,600-க்கு அலையவேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அலைவேன்.

புகாருக்குப் படம் எடுக்கும்போதுதான் பெட்டியின் பின்பக்க லேபிளைச் சரியாகப் பார்த்தேன். "இன்புட் 100–240 வோல்ட்." ஸ்விட்ச் எதுவும் மாற்றாமல் நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை எடுத்துக்கொள்ளும் சாதா லீனியர் சப்ளை உலகத்தில் கிடையாது. முதல் நாளே எழுதித்தான் ஒட்டியிருக்கிறான். நான்தான் அதன் மேல் குங்குமம் வைத்திருக்கிறேன்.

கிளம்புகிறேன். கோவை வைண்டிங் கடைக்காரர் டிரான்ஸ்ஃபார்மர் தரும்வரை மூன்று யு.பி.எஸ். பேட்டரியை வண்டியில் வைத்துத் தினமும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பத்து நாள்தான் கேட்டிருந்தார்.